வானொலியில் கேட்ட எங்கள் வீடு

"ஒரே மடக்கு. முகத்தைச் சுளிக்கக் கூடாது."

பொழுது சாய்ந்த பிறகு தினமும் என் கணவர் என்னிடம் சொல்கிற வார்த்தைகள் இவை. அந்தப் புதன்கிழமை வேறொரு ஆணின் குரல் இவற்றைச் சொன்னது. பக்கத்து வீட்டு வானொலிப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது அந்தக் குரல். அதற்கு முன்னால் ஒரு போத்தலைக் குலுக்குகிற சத்தம். பிறகு போத்தலின் அடியை உள்ளங்கையில் தட்டுகிற சத்தம். என் கணவரும் குலுக்குவார், தட்டுவார், பிறகுதான் ஊற்றுவார்.

நான் கையிலிருந்த, பால் விடாத பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடமாகியிருந்தது. மாத்தளையில் மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில், ஒரு சந்துக்குள், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். எங்களிடம் வானொலி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொக்கோவும் மிளகும் வாங்கி விற்கிற முஸ்லிம் வியாபாரி. அவருடைய மனைவி என்னைவிட நன்றாக மூத்தவர். அவர்கள் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். நானும் அவரைத் தாத்தா என்றே கூப்பிட்டேன். புதன்கிழமை தோறும் தொடர் நாடகம் தொடங்குகிற நேரத்துக்குச் சுவருக்கு மேலால் என்னைக் கூப்பிடுவார். கொக்கோ விதை காய்ந்த புளித்த மணம் நிறைந்த அந்தக் கூடத்தில், மூட்டைகளுக்கு நடுவில் பாய் போட்டு உட்கார்ந்து கேட்போம்.

புதிதாகத் தொடங்கிய நாடகம் மலைநாட்டு நகரம் ஒன்றில் நடக்கிற கதை. கணவன் ஒரு டிஸ்பென்சரியில் மருந்து கலக்குகிறவன். மனைவி நோயாளி. அவன் தன் கையாலேயே மருந்து கலந்து கொண்டுவந்து அவளுக்குக் கொடுக்கிறான். அந்த மருந்தில் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் சேர்க்கிறான் என்பது கேட்கிற நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

என் கணவரும் பெரிய வீதியில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் மருந்து கலக்குகிறவர்தான். நானும் நோயாளிதான். அதற்கு நாலைந்து மாதம் முன்னால் என் வயிற்றில் இருந்த பிள்ளை கலைந்துபோயிருந்தது. அதன்பிறகு உடம்பு தேறவில்லை. சாப்பிட்டது நிற்கவில்லை. தலைமுடி சீப்போடு வந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த தண்ணி மருந்தை அவரே கலந்து வீட்டுக்குக் கொண்டுவருவார். போத்தலின் பக்கத்தில் வெள்ளைக் காகிதப் பட்டையைப் பல்லுப் பல்லாக வெட்டி ஒட்டியிருக்கும். ஒரு பல் ஒரு வேளை மருந்து. கைகால் கழுவி வந்து, குலுக்கி, தட்டி, ஊற்றிக் கொடுப்பார். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பார். அதை அன்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மருந்து கலக்குகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் செய்வார்கள், ஒரே மாதிரித்தான் பேசுவார்கள் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த கிழமைப் புதனன்று நாடகத்தில் கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. பின்கதவின் தாழ்ப்பாள் ஒருதரம் சிக்கி, பிறகு விழுந்தது. எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் அப்படித்தான் சிக்கும். கதவைத் தோளால் கொஞ்சம் தூக்கினால்தான் விழும். பிறகு அந்தக் கணவன் சொன்னான்: "சனிக்கிழமை நான் வர நேரமாகும். நீ சாப்பிட்டுத் தூங்கு." இதே வார்த்தைகளை வெள்ளிக்கிழமை தோறும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் யட்டவத்த என்ற ஊருக்கு டாக்டரின் வேலையாகப் போவதாக என் கணவர் சொல்வார். நாடகத்தில் வருகிறவன் சனிக்கிழமைகளில் வேறொரு பெண்ணின் வீட்டுக்குப் போனான்.

அன்று மாலை அவர் மருந்தை நீட்டியபோது சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். என்ன, குளிரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாயில் ஊற்றி, விழுங்காமல் வைத்துக்கொண்டு, அவர் திரும்பியதும் பின்பக்கம் போய் வாழைமரத்தடியில் துப்பினேன். மறுநாளும் அப்படியே செய்தேன். நாலு நாளில் சாப்பாடு வயிற்றில் தங்கியது. முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஊறியிருப்பதாகத் தாத்தா சொன்னார். உடம்பு தேறத் தேறத்தான் என் பயம் கூடியது. மருந்தை நிறுத்தியதும் நோய் குறைகிறது என்றால் நோய் எதிலிருந்து வந்தது?

யாரிடமும் சொல்லவில்லை. வானொலியில் வருகிற கதையைக் கேட்டுப் புருஷனைச் சந்தேகப்படுகிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். பிள்ளை கலைந்த துக்கத்தில் மூளை பிசகிவிட்டது என்பார்கள். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. அப்படி இருக்கும்போதுதான் மூன்றாவது புதன்கிழமை, நாடகம் முடிந்து பாட்டுப் போடத் தொடங்கியதும், தாத்தா பெட்டியை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"புள்ள, நான் ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டியே. அந்தக் கப்பிச் சத்தம் ஒங்கட கெணத்துச் சத்தம் மாதிரியே ஈக்குது. எனக்கு மட்டுந்தான் அப்பிடித் தோணுதா?"

அதுவரைக்கும் அது என் தலைக்குள் மட்டும் இருந்தது. இப்போது வெளியே வந்துவிட்டது. எல்லாக் கிணற்றுக் கப்பியும் ஒன்றுதான் தாத்தா என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன்.

அன்றிரவு படுத்துக்கொண்டே நாடகத்தை ஆரம்பத்திலிருந்து யோசித்தேன். எங்கள் வீட்டைப் பற்றி அதற்கு என்னென்ன தெரியும்? கப்பி தெரியும், தாழ்ப்பாள் தெரியும், போத்தல் தெரியும், நாங்கள் பேசுவது தெரியும். ஆனால் நாடகத்தில் வந்த சமையலறை தவறான பக்கத்தில் இருந்தது. படுக்கையறையில் இல்லாத ஒரு யன்னலை அந்தப் பெண் திறந்தாள். கேட்கக்கூடியது எல்லாம் சரியாக இருந்தது. பார்க்கவேண்டியது எல்லாம் பிழையாக இருந்தது. அப்போது புரிந்தது. இது முன்னறையிலிருந்து கேட்கப்பட்ட வீடு.

முன்னறையை ஒரு யாழ்ப்பாணத்துக்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அரசாங்க உத்தியோகம் பார்த்தவர், தனி ஆள், கூச்ச சுபாவம். சாப்பாட்டுக்குக் கடைக்குப் போவார். வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அந்த அறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது வெறும் பலகைத் தட்டிதான். ஒரு வருடம் இருந்துவிட்டு, என் பிள்ளை கலைந்த ஓரிரு மாதத்துக்குப் பிறகுதான் கொழும்புக்கு மாற்றலாகிப் போயிருந்தார். நாடகம் எழுதியவர் பெயராக வானொலியில் சொன்னது யாருக்கும் தெரியாத ஒரு புனைபெயர். அது அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை, என் மூளையும் பிசகவில்லை. ஆனால் அந்த நிம்மதி விடியும்வரை நிற்கவில்லை. ஒரு வருடம் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எங்களைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் இப்படி ஒரு கதையை ஏன் எழுதினார்? எனக்குத் தெரியாத எதையாவது கேட்டிருப்பாரோ? ஒரு மழை நாளில் என் கணவர் முன்னறையில் அவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. நான் பிளேன்டீ கொண்டுபோனபோது இரண்டு பேரும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். உண்மையிலேயே நிறுத்தினார்களா, அல்லது நாடகத்தில் அப்படி ஒரு காட்சி வந்ததால் என் ஞாபகத்தில் நானே சேர்த்துக்கொண்டேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை என் கணவர் புறப்பட்டுப் போன பிறகு, கோயிலுக்குப் போவதாகத் தாத்தாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் யட்டவத்தவுக்கு ஏறினேன். வழி முழுக்க இறப்பர் மரங்களும் கொக்கோ மரங்களும் இருட்டாக நின்றன. திரும்பி இறங்கிவிடலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தேன். யட்டவத்தவில் சந்தை கூடியிருந்தது. ஒரு கடைக்காரரிடம் சிங்களத்தில், மாத்தளை டிஸ்பென்சரியிலிருந்து சனிக்கிழமை வருகிற மாத்தயாவைத் தெரியுமா என்று கேட்டேன். சிங்களத்தில் ஐயாவை மாத்தயா என்பார்கள். தெரியாமலா என்றார். மேட்டுப் பாதையைக் காட்டி, அந்த ஒண்டிப் பெண்ணின் வீட்டில் இருப்பார் என்றார். நாடகத்திலும் ஒண்டிப் பெண்தான். மேட்டு வீடுதான்.

பாதை கொக்கோ மரங்களுக்கு நடுவால் ஏறியது. மேலே மண்சுவர் வீடு ஒன்று. முற்றத்தில் ஒரு மனிதர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விறகு பிளந்துகொண்டிருந்தார். சட்டையைக் கழற்றி வேலியில் போட்டிருந்தார். எங்கள் வீட்டில் ஒரு நாளும் கோடரியைத் தொடாத என் கணவர். சருகில் என் கால் பட்ட சத்தத்துக்குத் திரும்பினார். கோடரி கையில் இருந்தது. நான் இரண்டடி பின்னால் வைத்தேன்.

ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. அவர் என்னைவிடப் பயந்துபோயிருந்தார். கோடரியை மெல்லக் கீழே வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, வீட்டுப் பக்கம் பார்த்து, நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிங்களப் பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தாள். நான் யாரென்று தெரிந்ததும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாத்தயா இவ்வளவு நாளாக உன்னைக் கூட்டிவரவே இல்லை என்று குறைப்பட்டாள். பலகையில் உட்காரவைத்துத் தேத்தண்ணியும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொடுத்தாள். எனக்குக் குடிக்கப் பயமாக இருந்தது. கோப்பையைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். குடிக்காத அந்தக் கோப்பையை என் கணவர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மருந்தை நான் துப்பிவந்தது அந்த நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

திரும்பி இறங்கும்போது பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். நான் எட்ட நின்றேன்.

"அந்தம்மாவுக்கு ஒரு பையன் இருந்தான். என் கையாலதான் போனான்" என்றார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். வேலையில் சேர்ந்த புதிதில், எங்களுக்குக் கல்யாணமாவதற்கு முன்னால், ஒரு மழைக்காலப் பின்னேரம். கூட்டம் அதிகம். மின்சாரம் போய், விளக்கு வெளிச்சத்தில் கலந்துகொண்டிருந்தார். இருமலுக்குப் பெரியவர்களுக்குக் கொடுக்கிற மருந்தை, அபின் சத்துச் சேர்ந்தது, சின்னப் பிள்ளையின் போத்தலில் ஊற்றிவிட்டார். கடை பூட்டுகிற நேரத்தில்தான் பிழை தெரிந்தது. ஆள் அனுப்பினார்கள். ஆற்றில் வெள்ளம், பாதை மூடியிருந்தது. மறுநாள் போனபோது வீட்டு வாசலில் சாவு வீட்டு வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். அப்போதிருந்த பழைய டாக்டர், காய்ச்சலில் போன பிள்ளை, நீ வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டார். அந்த டாக்டரும் பிறகு செத்துப்போனார்.

"அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. நல்ல மனுஷன், செத்த பிள்ளையை மறக்காம வர்றாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க." தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உனக்கு ஏன் நானே கலந்து கொண்டாறேன்? குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஏன் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்? நீ தூங்கினப்புறம் மூச்சு வருதான்னு எத்தனை தரம் எழும்பிப் பார்ப்பேன்னு உனக்குத் தெரியாது. எனக்கு என் கையை நம்ப ஏலாது."

அந்த மருந்தில் இருந்தது இரும்புச் சத்து. அதுதான் வயிற்றைப் புரட்டியது. வேறு ஒன்றும் இல்லை. இதை அவரும் சொன்னார், பிறகு டாக்டரும் சொன்னார். நான் நம்பினேன். ஆனாலும் அந்த மேட்டுப் பாதையில் நின்றுகொண்டு யோசித்தது ஞாபகமிருக்கிறது. விஷம் வைக்கிறவர் அல்ல என் புருஷன். ஆனால் அவர் ஊற்றிய மருந்தால் ஒரு உயிர் போயிருக்கிறது. நாடகம் முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. எதற்குப் பயப்படுவது என்றே தெரியாமல் பயந்துகொண்டு நின்றேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் நாடகத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். அதுவரை அவருக்குத் தெரியாது. கப்பி, தாழ்ப்பாள், சனிக்கிழமை என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. முன்னறைக்காரரிடம் ஒரு மழை நாளில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பதாகச் சொன்னார். யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லையாம். கட்டின பெண்சாதியிடம் சொல்லப் பயந்து, யாரோ ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்.

அதன்பிறகு எங்கள் பயம் ஒன்றாகிவிட்டது. அடுத்த புதன்கிழமை அந்தப் பிள்ளை நாடகத்தில் வந்துவிடுமோ? ஊரில் எத்தனை பேருக்கு அந்தச் சாவு ஞாபகமிருக்கும்? பொலிசு வருமா? நான் வழக்கம்போலத் தாத்தாவின் கூடத்தில் உட்கார்ந்து கேட்டேன். என் கணவர் எங்கள் வீட்டுப் பின்பக்கம், நடுச்சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்று கேட்டார். அன்று பிள்ளை வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. நாடகத்தில் வந்த மனைவி மெலிந்துகொண்டே போனாள். தாத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாடகத்துக்கு அழுகிறாரா எனக்கு அழுகிறாரா என்று தெரியாத மாதிரி என் முதுகைத் தடவினார்.

டிஸ்பென்சரியிலும் பேச்சுக் கிளம்பியது. முதலில் பகிடிதான். யாரோ ஒருவர் போத்தலை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சேர்க்கவில்லையே என்று கேட்டாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். இவரும் சிரித்தாராம். பிறகு ஒரு பெண், தண்ணி மருந்து வேண்டாம், மாத்திரையே போதும் என்றாள். அதன்பிறகு இன்னும் சிலர். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவர் தன் இரண்டு கையையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு சொல்வார்.

மாசி மகத் தேருக்கு ஊரே கூடியிருந்த நாளில் அந்த முன்னறைக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம். கொழும்பு வாழ்க்கையில் கொஞ்சம் சதை போட்டிருந்தார்; கூச்சமும் குறைந்திருந்தது. எங்களைப் பார்த்ததில் அவருக்கு உண்மையான சந்தோஷம்.

"நாடகம் கேக்கிறனீங்களோ? என்ர நாடகந்தான் அது" என்றார். "உங்கட வீட்டுச் சத்தங்களைக் கொஞ்சம் எடுத்தனான். கோவியாதேங்கோ. மற்றதெல்லாம் கற்பனை."

உட்காரச் சொன்னேன். தேத்தண்ணி கொடுத்தேன். என் கணவர் நின்றபடியே கேட்டார்: "அந்தப் பிள்ளை வருதா?"

"எந்தப் பிள்ளை?"

அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே மறந்துபோயிருந்தார். என் கணவர் யட்டவத்த என்று ஒரு சொல் சொன்ன பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"ஓ, அதுவோ. அது நாடகத்துக்குச் சரிவராது. ஆளொருத்தன் பிழையா ஊத்திப்போட்டான், பிள்ளை செத்துப்போச்சு எண்டா, அதில கதை எங்க இருக்கு? கொல்லுறவனுக்கு ஒரு நோக்கம் வேணும். இல்லாட்டி சனம் நம்பாது."

இதை அவர் இரக்கமில்லாமல் சொல்லவில்லை. ஒரு தச்சர் மரத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னார். வெளியே தேர் வருகிற மேளச் சத்தம் கேட்டது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, கடைசி நாடகத்தைத் தவறாமல் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். என் கணவர் அந்த இடத்திலேயே நின்றார். தேர் எங்கள் சந்து முனையைத் தாண்டிப் போனது. நாங்கள் வெளியே வரவில்லை.

கடைசிப் புதன்கிழமையில் மனைவி செத்துப்போனாள். கணவனைப் பொலிசு பிடித்துக்கொண்டு போனது. பிள்ளை என்ற பேச்சே இல்லை. நாங்கள் பயந்த எதுவும் வரவில்லை. ஆனால் மறுநாள் குடிதண்ணி பிடிக்கிற தெருக் குழாயடியில் எனக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு பெண் என் அருகில் வந்து, உடம்புக்கு இப்போது பரவாயில்லையா என்று இரகசியமாகக் கேட்டாள். அம்மா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வா என்றாள். என் புருஷன் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொன்னேன். அவள் பாவம் பார்க்கிற மாதிரித் தலையை ஆட்டினாள். நாடகத்தில் வந்த மனைவியும் குழாயடியில் தன் புருஷனைப் பற்றி இதையேதான் சொல்லியிருந்தாள்.

இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டார். டாக்டர் போகச் சொல்லவில்லை. மருந்து வாங்க வருகிறவர்கள் அவர் கையைப் பார்க்கிற பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. அந்தப் பார்வை பிழையான காரணத்துக்கு வருகிறது, ஆனால் சரியான ஆளைத்தான் பார்க்கிறது என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். தாத்தாவின் கணவர் தன் கடையில் மிளகு நிறுக்கிற வேலை கொடுத்தார்.

வேலையை விட்ட பிறகுதான் அந்தத் தாயிடம் சொல்லவேண்டும் என்ற எண்ணம் அவருக்குப் பிடித்தது. வேண்டாம் என்று நான் தடுத்தேன். அவள் கத்திக் கூப்பாடு போட்டால், ஊர் திரண்டால், அந்த மேட்டுப் பாதையில் நாங்கள் உயிரோடு இறங்க முடியாது என்று பயந்தேன். இப்படியே இருந்தால் நாடகத்தில் வந்தவன்தான் நான் என்று ஆகிவிடும் என்றார். அவரைத் தனியே அனுப்ப மனமில்லை. இரண்டு பேரும் போனோம்.

அவள் முற்றத்தில் பாக்குக் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவர் உட்காரவில்லை. நின்றபடி, சிங்களத்தில், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். இருட்டு, விளக்கு, மாறிப்போன மருந்து, மூடியிருந்த பாதை. நான் வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கத்திலிருந்து யார் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கேட்டு முடித்தாள். பாக்கைப் புரட்டுவதை நிறுத்தவில்லை. பிறகு, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்:

"இல்லை மாத்தயா. என் பிள்ளை காய்ச்சலில்தான் போனான். உங்கள் மருந்து நல்ல மருந்து. மூன்று கிழமை இருமி இருமிக் கண்மூடாத பிள்ளை, அன்றைக்கு என் மடியில் ஒரு இருமல் இல்லாமல் தூங்கினான். அந்தத் தூக்கத்தைக் கொடுத்தது நீங்கள்தான்."

அவர் மறுபடி சொல்லப் பார்த்தார். அவள் கையை உயர்த்தினாள். முகத்தில் கோபம் இல்லை, ஆனால் அதற்கு மேல் ஒரு சொல் கேட்க அவள் ஆயத்தமாக இல்லை என்பது தெரிந்தது. உங்களுக்கு உடம்பு சரியில்லை, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போங்கள் என்றாள். எங்களோடு படலை வரைக்கும் வந்தாள்.

நாடகத்தைக் கேட்டவர்கள் எல்லோரும் நம்பினார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னபோது கேட்கவேண்டியவள் நம்பவில்லை. அவளுக்கு விளங்கவில்லையா, விளங்கியும் ஏற்றுக்கொள்ளவில்லையா என்று நாங்கள் பலதரம் பேசியிருக்கிறோம். ஒரு முடிவுக்கு வந்ததில்லை.

அதற்கடுத்த வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். செய்தி எப்படிப் போனதோ தெரியாது, ஒரு நாள் காலை அந்தப் பெண் மாத்தளைக்கு பஸ் ஏறி வந்துவிட்டாள். முற்றிய பலாக்காய் ஒன்றையும் கொஞ்சம் பாக்கையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்திருந்தாள். கால் கழுவிவிட்டு வந்து, பிள்ளையைத் தா என்று கையை நீட்டினாள். கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் என்னிடம் இல்லை. கொடுத்தேன். என் கணவர் எழுந்து கிணற்றடிக்குப் போனார்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டி, பிள்ளையை மடியில் கிடத்தி ஏதோ முனகலாகப் பாடினாள். அன்றைக்குக் காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த பிள்ளை கொஞ்ச நேரத்தில் அடங்கித் தூங்கிவிட்டது. எவ்வளவு நல்ல தூக்கம் பார் என்று என்னிடம் காட்டினாள். நான் அடுப்பில் வைத்ததை மறந்து கதவோரத்தில் நின்றேன். என் பிள்ளையின் வயிறு எழும்பித் தாழ்வதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் தானாக எழுந்து பிள்ளையை என் கையில் தருகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நான் அசையவில்லை.